அக்காவின் தொட்டிக்கு ஆறு மணித்தியாலம்

ஜூலை 9, செவ்வாய்

அக்காவின் மூன்றாம் வருடத் திவசம். இருந்தவர்கள்: ஐயர், வீட்டுக்காரர், அக்கா மகள் தர்ஷி, நான். நாலு பேர். வீட்டுக்காரரின் தங்கை கடுகண்ணாவையிலிருந்து வரவில்லை, முழங்கால் வலி. காலையிலிருந்து தூறல். காகம் வர முக்கால் மணித்தியாலம். பருப்பைத் தொட்டது, வாழைக்காயைத் தொடவில்லை. அக்கா சமைத்தால் வாழைக்காய்தான் முதலில் முடியும்.

ஐயர் செருப்பு மாட்டிக்கொண்டே முன் அறையில் அக்காவின் மீன் தொட்டியைப் பார்த்தார். "மீன் வளக்கிறீங்களா, பாசி வளக்கிறீங்களா?" தானே சிரித்துக்கொண்டார்.

ஐயரை அனுப்பிவிட்டு வந்தால், தர்ஷி கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி. "அம்மா வச்ச செடியில பாதி போச்சு சித்தி. மிச்சமும் போயிட்டா நான் இந்த வீட்ல என்னாத்துக்கு? அத்த வீட்டுக்குப் போயிருவேன்."

பதினேழு வயது. சொன்னால் செய்வாள். அக்கா பெற்ற பிள்ளை.

இலைகளை எண்ணினேன். முப்பத்தொன்று. கறுப்புப் பாசி ஏறாதவை நாலு. கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பதிந்தேன்.

ஜூலை 10, புதன்

மழை. துணி காயவில்லை. புளி, நல்லெண்ணெய் வாங்க வேண்டும்.

தொட்டி விளக்கைப் பற்றி எங்கும் எழுதி வைக்கவில்லை, இன்று எழுதுகிறேன். அக்காவை எடுத்த அன்று தலைமாட்டில் விளக்கு எரிந்தது. தொட்டி விளக்கும் எரிந்தது, அக்கா கடைசியாகப் போட்டது. அதை அணைக்கக் கூடாது என்று தர்ஷி அழுதாள். தலைமாட்டு விளக்கை முப்பத்தோராம் நாள் எடுத்தோம். இதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அன்று முதல் இரவு பகல் எரிகிறது. கரண்ட் கட் காலத்தில்கூட தர்ஷி மூடியின் மேல் மெழுகுதிரி ஏற்றி வைத்தாள்.

விளக்கிலேயே இருக்கும் சுவிட்சில் அக்காவின் குங்குமம். விரல் ரேகை தெரியும். பூசை முடிந்த கையோடு போடுவது அவள் பழக்கம். முன் அறை முழுக்கத் துடைப்பேன், அந்த அரை அங்குலத்தைத் தவிர.

மறு வருடம் என்னை அக்கா புருஷனான அவருக்கே கட்டி வைத்தார்கள். பிள்ளைக்காக என்றார்கள். இன்றும் வாயில் "அத்தான்" என்றே வருகிறது, பாதியில் விழுங்கிவிடுகிறேன். தொட்டி வெளிச்சம் படுக்கை அறைக் கதவுக்குக் கீழால் வந்து என் பக்கச் சுவரில் ஒரு கோடு போடும். இரண்டு வருடமாக அந்தக் கோட்டின் கீழ்தான் தூக்கம்.

ஜூலை 11, வியாழன்

குண்டசாலை பஸ்ஸில் கண்டி, அங்கிருந்து கட்டுகஸ்தோட்டை. பாலத்துக்கு இந்தப் பக்கம் மீன் கடை. கடைக்காரர் நிஸ்தார் நானா. இரண்டு இலையைப் பொலித்தீனில் தண்ணீரோடு கொண்டுபோயிருந்தேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"எத்தன மணித்தியாலம் லைட் போடுறீங்க?"

"எந்நேரமும்."

"ராவைக்கும்?"

"ராவைக்கும். மூணு வருஷமா."

சிரிக்க வாயைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். "மௌத்தான வீட்டு வெளக்கா?"

இறந்தவளின் விளக்குத்தான். தலையாட்டினேன்.

"தங்கச்சி, மௌத்தானவங்களுக்குத் தூக்கம் தேவல்ல. செடிக்கு வேணும். மீனுக்கும் வேணும். மீனுக்கு இமை இல்ல, பாருங்க."

இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது. ஏழு மீன். மூன்று வருடம்.

விளக்கு மூன்று காட்டினார். ஒன்று நீளமாக, சுள்ளென்ற வெள்ளை. "இதப் போட்டா புல்லுக் கணக்கா வளரும்." இரண்டாவது ஊதாவும் சிவப்பும் கலந்தது. மீன் மினுங்கும், கல்யாண மண்டபம் மாதிரி. மூன்றாவது குட்டை. மங்கலான மஞ்சள் வெளிச்சம், இன்னும் குறைக்கத் திருகு உண்டு. விலை கொப்பியில் தனியே.

வெள்ளையைத்தான் கையில் எடுத்தேன். அப்போது அந்த ஓடை ஞாபகம் வந்தது. செடியை அக்கா பிடுங்கியது கடுகண்ணாவையில், நாத்தனார் வீட்டுக்குப் பின்னால். நானும் கூட இருந்தேன். நடுப்பகல், ஆனால் மேலே மரம் மூடி, கால் வைக்கும் கல் தெரியாத இருட்டு. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். அந்த இருட்டில் இந்தச் செடி கம்பளம் போல் கிடந்தது.

மங்கலானதை வாங்கினேன்.

"கெட்டிக்காரி," என்றார் நானா. "ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம். டைமர் ஒண்டும் கொண்டு போங்க. லைட் மாறினா இந்தச் செடி எல எல்லாம் கரைஞ்சி போகும். பயந்துடாதீங்க. வேர மட்டும் தொட வாணாம்."

ஜூலை 12, வெள்ளி

விரதம். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்.

கா. 10. மாற்றினேன். பழைய சுவிட்சில் கை வைக்கவில்லை, சுவரில் பிளக்கைக் கழற்றினேன். இவ்வளவு காலம் அந்த விளக்கிலிருந்து ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது என்பது, அது நின்ற பிறகுதான் தெரிந்தது. வீடு பெரிதானது போல். என் வளையல் சத்தத்துக்கு நானே திரும்பிப் பார்த்தேன்.

பழைய விளக்கை அக்காவின் வெள்ளைத் துவாயில் சுற்றி அலுமாரி மேல் வைத்தேன். புதியதை ஆறு மணித்தியாலம் எரியவிட்டு மா. 4க்கு நிறுத்தினேன்.

தர்ஷியிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். சொன்னால் விடமாட்டாள் என்று பயம். டியூசன் முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இருண்ட தொட்டிக் கண்ணாடியில் நாங்கள் இருவரும் தெரிந்தோம். என்னைப் பார்த்து ஒரு கணம் "அம்…" என்றாள். பிறகு நான் என்று கண்டுகொண்டாள்.

"அணைச்சிட்டீங்களா?"

"செடிக்காகத்தான் தங்கம். கடைக்காரரு…"

"அம்மா இருந்தப்பவே இந்த வீட்டுக்கு வந்து வந்து நிப்பீங்க. இப்ப அந்த வெளக்கும் ஒங்க கண்ண உறுத்துதா?"



ஜூலை 13, சனி

விடியக் கடுகண்ணாவைக்குப் போய்விட்டாள். ஒரு பை, பாடக் கொப்பிகள். ரயில்வரை அவர் கூடப் போனார். போன் எடுக்கவில்லை, நாலு தரம்.

ஜூலை 16, செவ்வாய்

இலை ஒன்பது. தொட்டால் சளி போல் கரைகிறது. நானா சொன்னதுதான். இருந்தும் மறுபடி எண்ணினேன்.

ஜூலை 18, வியாழன்

இலை இல்லை. கொப்பியில் சைபர் போட்டேன். மணலும் ஏழு மீனும். அவர் சாப்பிடும்போது சொன்னார்: "தண்ணிய ஊத்திட்டுத் தொட்டிய யாருக்காவது குடுத்திரு. போதும்." குழம்பில் உப்பு போட மறந்திருக்கிறேன். அதையும் சொல்லாமல் சாப்பிட்டார்.

அக்கா, நான் வேண்டுமென்று செய்யவில்லை.

ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி

கா. 4.30. குளிக்க எழும்பக் கண் திறந்தால் சுவரில் கோடு. அதே இடம், அதே வெள்ளை.

பக்கத்தில் படுக்கை காலி. கதவைத் திறந்தேன். தொட்டியில் பழைய விளக்கு எரிகிறது. அந்த இரைச்சல். முன்னால் கதிரையில் அவர். துவாய் மடியில்.

"என்னங்க இது?"

"இருட்டா இருந்திச்சு." துவாயை மடித்தபடியே, "அவளுக்கு இருட்டுன்னா பயம். ஒனக்குத் தெரியாதா?"

தெரியாதா. ஒரே பாயில் படுத்து வளர்ந்தோம். என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். மூத்தவள் அவள், பயமும் அவளுக்கு. எனக்கும் பயம் இருந்தது, சொன்னதில்லை. இரண்டு பேரும் பயந்தால் எப்படி.

"தொட்டிய யாருக்காவது குடுக்கச் சொன்னீங்களே?"

"சொல்லத்தான் சொன்னேன்."

"செடிக்கு இருட்டு வேணுமாம்."

"செடிக்குத்தானே," என்றார்.

கீழே உட்கார்ந்தேன். மீன்கள் அசையாமல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஜன்னல் வெளுத்ததும் கேட்டேன், "கழட்டவா அத்தான்?" விழுங்க மறந்துவிட்டேன். அவர் முகம் திருப்பி, "நீயே கழட்டு," என்றார். எனக்கு முன்னால் அவர் அழுதது இதுதான் முதல் தடவை.

ஜூலை 23, செவ்வாய்

வெயில். தர்ஷி இன்றும் போன் எடுக்கவில்லை. "சாப்புடுறா, படிக்கிறா, பேசத்தான் மாட்டேங்கிறா," என்றாள் நாத்தனார். வேரைத் தொடவில்லை. புது விளக்கு ஆறு மணித்தியாலம், ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரம். டைமர் இன்னும் பெட்டியில்.

ஜூலை 28, ஞாயிறு

கா. 6.15. சாமி விளக்கு ஏற்றிவிட்டு வந்து குனிந்தேன். மணலில் ஏதோ பழுப்பாக. குப்பை என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். இலை. என் சுண்டுவிரல் நகத்தளவு. பாசி இல்லை. அவரைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கொப்பியில் 1.

நாளை ரயிலில் அவர் கடுகண்ணாவைக்குப் போகிறார். கொடுத்தனுப்பும் கடிதம், பிரதி இங்கே:

தர்ஷிக்கு, செடி செத்துவிட்டது என்று நினைத்தோம். வேரிலிருந்து ஓர் இலை வந்திருக்கிறது. உன்னைக் கேட்காமல் அணைத்தது என் பிழை. அம்மாவின் விளக்கு அலுமாரி மேல், துவாயில் சுற்றி இருக்கிறது. சுவிட்சை நான் துடைக்கவில்லை, தொடவும் இல்லை. அது உனக்கு. புது விளக்கு ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம்தான் எரியலாம். டைமரில் ஒரே நேரமாக வைக்க வேண்டும். நீ வீட்டில் இருக்கும் நேரம் எதுவோ, அதை வைக்கிறேன். எத்தனை மணியிலிருந்து என்று மட்டும் எழுது. சீக்கிரம் பதில் போடு.