சுவரில் எழுதிய ஏழு

அன்புள்ள மகன் கோல்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடுப்பு வலி மட்டும் பருத்தி சீசன் முடிந்து ஜின்னிங் மில் மூடுகிறவரைக்கும் போகாது போலிருக்கிறது. அங்கே நீயும் உன் வலது தோளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயம்தான் இது, ஆனால் போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ "விடும்மா" என்று சிரித்துவிடுகிறாய், அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்து சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். காகிதத்துக்கு சிரிக்கத் தெரியாது. அதனால் உட்கார்ந்து முழுவதும் படி, பாதியில் மடித்துப் பையில் வைக்காதே.

அடுத்த வாரம் உங்கள் அணிக்கு ஆட்டம் இல்லை, அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர்கள் கூடுகிற விழா, வரலாமா என்று கேட்டிருந்தாய். உன்னைக் கூப்பிட்டது யார் என்று எனக்குத் தெரியாதா, லானிதான். ஃபுட்பால் ஆதரவாளர் சங்கத்துக்கு இன்னமும் அவன்தான் தலைவன், கார் விற்கிற புத்தியை அங்கேயும் விடவில்லை. போன வாரம் பீக்கன் பருப்பு போட்ட இனிப்புப் பை ஒன்றைச் சுடச்சுடத் தட்டில் தூக்கிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன், அவன் பிள்ளைகள் மூன்று பேருக்கும் தட்டில் சோறு போட்டிருக்கிறேன், ஒரு நாள் கூட என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவன் இல்லை. இப்போது "வெர்னா, நம்ம பையன் டி.வி.யில என்னமா வீசறான், நான் அப்பவே சொன்னேனே" என்று குழைகிறான். அவன் அப்போது என்ன சொன்னான் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோச் மகன் ட்ரெண்டுக்குக் கணுக்கால் பிசகி நீ கடைசி நாலு நிமிஷம் உள்ளே போனாயே, அன்றைக்கு எனக்கு இரண்டு வரிசை முன்னால் எழுந்து நின்று "அந்தத் துடைப்பக் குச்சியை யாராவது வெளிய எடுங்கப்பா, காத்துல ஒடஞ்சிரப் போகுது" என்று கத்தினான். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தப் பலகாரத்தை வாங்கி வைத்தேன், அப்பா சாப்பிட்டார், நான் தொடவில்லை.

ஊரே இப்போது உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. முனையில் இருக்கிற சாப்பாட்டுக் கடையில் கோல்பி பர்கர் என்று ஒன்று போட்டிருக்கிறார்கள், உள்ளே பச்சை மிளகாய். உனக்கு மிளகாய் ஒத்துக்கொள்ளாது என்று இந்த ஊரில் ஒருத்தருக்குக்கூடத் தெரியாது. கோச் ஸ்டக்கி இருக்கிறாரே, அவர் டி.வி.க்காரனிடம் ஓடிக்கொண்டே வீசுகிற அந்த வீச்சைத் தான்தான் கற்றுக்கொடுத்ததாகப் பேட்டி கொடுத்திருக்கிறார், கூச்சநாச்சம் இல்லாமல். அவர் உனக்குக் கற்றுக்கொடுத்தது கோட்டுக்கு வெளியே நின்று கையை ஆட்டி உள்ளே இருக்கிற அவர் பிள்ளை ட்ரெண்டுக்கு சைகை காட்டுவது, அவ்வளவுதான். மூன்று வருஷம் அதைத்தான் செய்தாய். பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற அந்த குவாட்டர்பேக் இடம் அவர் வீட்டுச் சொத்து மாதிரி பிள்ளைக்கே போயிற்று, நீ ஆடின கொஞ்சத்தைக்கூடப் படம்பிடித்து ஒரு காலேஜுக்கும் அனுப்பவில்லை.

உனக்கு இதெல்லாம் மறந்துவிடும். உன் சுபாவம் அப்படி, யாராவது முதுகில் தட்டிக்கொடுத்தால் அவர்கள் கை போன தடவை எங்கே இருந்தது என்று பார்க்க மாட்டாய். அதனால்தான் நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். காலேஜுக்குக் கையெழுத்துப் போடுகிற அந்த நாளில் ஜிம்மில் மேஜை போட்டு, துணி விரித்து, ட்ரெண்டுக்கு முன்னால் மூன்று காலேஜ் தொப்பிகளை வைத்து, எதை எடுத்து மாட்டிக்கொள்வான் என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கான்சாஸில் இரண்டு வருஷப் படிப்பு மட்டும் இருக்கிற ஒரு ஜூனியர் காலேஜ் உனக்கும் ஒரு இடம் கொடுத்திருந்தது, நீ ஒரு தொப்பிகூட வாங்கி வைத்திருந்தாய். கோச் "ஜூனியர் காலேஜுக்கெல்லாம் மேஜை போட முடியாது தம்பி, அப்புறம் எல்லாரும் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டார். நீ மேலே படியில் உட்கார்ந்து ட்ரெண்டுக்குக் கை தட்டினாய். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொப்பியை நீ பைக்குள்ளேயே வைத்திருந்தாய் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பா தன் பழைய வண்டியில் உன்னைக் கான்சாஸில் கொண்டுபோய் விட்டு வந்தார். கரப்பான் ஓடுகிற அறை, ஒரே அறையில் நாலு பையன்கள், எல்லாரும் எங்கேயோ வேண்டாமென்று தள்ளினவர்கள் என்று பிறகு மெதுவாகச் சொன்னார். அங்கே இருந்த கோச், எப்போதும் சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டிருப்பாராமே அவர், "இங்க இருக்கற எல்லாரும் யாரோ வெச்ச மிச்சம்தான், வெக்கப்படாம வீசு" என்றாராம். அவர் மேல் மட்டும் எனக்கு மரியாதை உண்டு. அங்கே இருந்த ஐந்து குவாட்டர்பேக்குகளில் ஐந்தாவது ஆளாக நின்றாய், அடுத்த வருஷம் முதல் ஆளானாய், பேர் தெரியாத ஒரு பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது, அங்கேயும் கெட்டியாக ஆடினாய், ஆனாலும் பெரிய அணிகள் ஆள் எடுத்த மூன்று நாளும் உன் பெயரை யாரும் வாசிக்கவில்லை. அப்புறம் ஓர் அணி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேண்டாமென்று அனுப்பிவிட்டது, இன்னோர் அணியும் அப்படியே. இந்த அணியில் பயிற்சிக்கு மட்டும் நிற்கிற ஆளாக இருந்து, முதல் ஆளுக்கு முழங்கால் போனதும் உள்ளே போய் இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தாய். இதில் இந்த ஊருடைய பங்கு எங்கே என்று நானும் தேடித்தான் பார்க்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் சட்டை எண்ணை இனி யாரும் போடக் கூடாது என்று ஓய்வு கொடுத்து, மைதானத்துக் கட்டடச் சுவரில் பெரிதாக எழுதி, அந்த வெள்ளிக்கிழமை திறக்கப் போகிறார்களாம். முன்கூட்டியே பெற்றவர்களுக்குக் காட்டுகிறோம் என்று செவ்வாய்க்கிழமை எங்களைக் கூப்பிட்டார்கள். லானி, கோச், ஏணியைப் பிடித்துக்கொள்ள ட்ரெண்ட். அவன் அந்தப் பெரிய காலேஜில் ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து இப்போது டயர் கடையில் இருக்கிறான், உனக்குத் தெரியும். லானி படுதாவை இழுத்தான். மேலே உன் பெயர், கீழே ஆள் உயரத்துக்கு ஏழு. அப்பா தாடையைச் சொறிந்தார். நான் முப்பத்தெட்டாம் நம்பர் சட்டையை மூன்று வருஷம் துவைத்தவள், அதில் புல் கறையே இருக்காது என்பதால் துவைப்பது சுலபம். இவர்கள் டி.வி.யில் உன் முதுகில் இருக்கிற ஏழாம் எண்ணைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே நீ எந்த எண் போட்டிருந்தாய் என்று ஒருத்தனும் யோசிக்கக்கூட இல்லை. ஆடவிட்டிருந்தால்தானே பார்த்திருப்பார்கள்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஏணிப் பக்கத்திலிருந்து ட்ரெண்ட் சொன்னான், "அப்பா, அது என் நம்பர். கோல்பி முப்பத்தெட்டு. ஒவ்வொரு தடவையும் கூட்டத்துல முப்பத்தெட்ட தேடித்தான் பாப்பேன், அவன் கை காட்டினாத்தான் எனக்கு அடுத்து என்னன்னே தெரியும்." கோச் முகத்தில் ஈயாடவில்லை. லானி மட்டும் அசரவில்லை, "டி.வி.யில ஏழுதானே வருது, பெயின்ட் காஞ்சிருச்சு, யாருக்கு என்ன தெரியப் போகுது" என்றான். நான், "அப்படியே இருக்கட்டும் லானி, எண்ணு ட்ரெண்டோடது, பேரை மட்டும் மாத்தி விழாவையும் அவனுக்கே எடுத்துருங்க, கேக் நான் செஞ்சு தரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன். அந்தப் பையன் மேல் எனக்கு இருந்த வெறுப்பில் ஒரு பிடி குறைந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஒரு பிடிதான். மற்றவர்களுக்கு அதையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

வீடு வரும் வழியில் அப்பா, "அவனுக்கு ஆசையா இருக்கு வெர்னா, பதினாலு வயசுலேருந்து இந்த ஊரு தனக்குக் கை தட்டணும்னு ஏங்கினவன், நம்பர் தப்பா இருந்தா என்ன, வந்துட்டுப் போகட்டுமே" என்றார். அது உண்மைதான். உன் குரலில் எனக்கும் அது கேட்டது, இதை எழுத உட்கார்ந்தது அதனால்தான். நீ வந்தால் அந்தத் தப்பு எண்ணுக்குக் கீழே நின்று சிரிப்பாய், துடைப்பக் குச்சி என்றவன் தோளில் கை போடுவான், நீயும் போட விடுவாய், நம்பியும் விடுவாய். இந்த வாரம் முடிந்ததும் உன்னையே வைத்துக்கொள்வதா, பழைய ஆள் ஒருத்தனைக் கொண்டுவருவதா என்று உங்கள் முதலாளி முடிவு செய்யப் போகிறார் என்றாய். உன்னை அனுப்பிவிட்டால் திங்கட்கிழமையே லானி ஏணியும் வெள்ளைப் பெயின்ட்டுமாக வந்துவிடுவான், அதற்கு மட்டும் யாரும் ஏணி பிடிக்க வேண்டியிருக்காது.

கோல்பி, நீ பெரியவனாகிவிட்டாய், வராதே என்று உத்தரவு போட முடியாது. வருவதென்றால் வா, அடுப்பில் ஏதாவது இருக்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன். முதல் அணி அனுப்பிவிட்டபோது நீ வீட்டுக்கு வரவில்லை, இரண்டாவது தடவையும் வரவில்லை. கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலையில் சேர்ந்து, தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று கூட லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொல்லி, வாடகை அறையில் தனியாகச் சாப்பிட்டாய். இந்த ஊர்க்காரர்கள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு. இவர்களிடம். துடைப்பக் குச்சி என்று கத்தினதைக்கூட மன்னித்தாலும் மன்னிப்பேன், என் பிள்ளையை என் வீட்டுக்கு வரவிடாமல் பண்ணினதை மன்னிக்க மாட்டேன். ஜெயித்தபோது யார் வீட்டுக்கும் யாரும் வரலாம். மறுபடியும் உன்னை எவனாவது அனுப்பிவிட்டால், அன்றைக்கே கிளம்பி, பட்டப்பகலில், கடைத்தெரு வழியாக, நேராக இங்கே வா.

தோளுக்கு ஐஸ் வைக்க மறக்காதே, பல்லுக்குப் போடுகிற அந்த ரப்பரை வெளியே தொங்கவிட்டு மெல்லாதே, டி.வி.யில் பார்க்கச் சகிக்கவில்லை. கர்த்தர் உன் எலும்புகளையெல்லாம் காத்து, உன்னைக் கொஞ்சம் கோபக்காரனாகவும் ஆக்கட்டும். அப்பா தன் முத்தத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

உன் அம்மா,
வெர்னா