பருந்து கொண்டுபோன மப்ளர்

ஜீவனஹள்ளி,
பெங்களூர்.
5-1-1958

அன்புள்ள மாமாவுக்கு,

காந்தா எழுதுவது. நான் சுகம். நீங்களும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். உங்கள் நெஞ்சு நோயைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினாலும் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடுவேன் என்று சொன்னீர்களே, அதனால் எழுதவில்லை. நீங்கள் சுரங்க வேலையை விட்டு என்னோடு வந்து சேரும்வரை தங்கவயலில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லித்தான் நான் தீபாவளிக்கு மறுநாள் ரயில் ஏறினேன். கட்டிய புருஷனிடம் சொன்ன அந்தப் பேச்சும் மாறவில்லை. ஆகவே, இந்த வீட்டைச் சுற்றி நடப்பதை மட்டும் எழுதுகிறேன்.

இங்கே குளிரில் பல் கிட்டுகிறது. காலையில் ஆஸ்பத்திரிக்கு ஆயா வேலைக்குக் கிளம்பும்போது எதிரில் வரும் மாடு தெரிவதில்லை, அதன் கழுத்து மணி மட்டும் கேட்கிறது. பனி விலகினால் முதலில் கண்ணில் படுவது கொல்லையில் நிற்கும் முள்ளிலவ மரம். இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கிறது. அதன் உச்சிக் கவட்டில் ஒரு ஜோடிப் பருந்து கூடு கட்டுகிறது. சுள்ளி, கந்தல், சணல் கயிறு என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. போன மாதம் ஒரு நாள் வந்தபோது உங்கள் சிவப்பு மப்ளரை மறந்துவிட்டுப் போனீர்கள் அல்லவா? துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். என் கண்ணெதிரே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

உங்கள்,
காந்தா


மாரிக்குப்பம்,
கோலார் தங்கவயல்.
14-1-1958

அன்பு காந்தாவுக்கு,

சின்னப்பா எழுதுவது. இன்று பொங்கல். பக்கத்து வீட்டில் கொடுத்ததைச் சாப்பிட்டேன். பருந்து மப்ளரைத் தூக்கும்வரை நீ என்ன கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாயா? மரம் ஏறத் தெரிந்த ஆள் யாரையாவது பிடித்து அதை எடுத்து வை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத பறவையும் நீயும் ஒரே வீட்டில் சேர்ந்திருக்கிறீர்கள், நல்ல பொருத்தம்.

இங்கே எழுத என்ன இருக்கிறது? விடியும்முன் குழிக்குள் இறங்குகிறேன். மேலே வந்து குளித்துப் படுத்தால் பொழுது போய்விடுகிறது. காற்று வேறு திரும்பிவிட்டது. ஆலைக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டின் வெள்ளைத் தூசு சோற்றுப் பானைவரை வருகிறது. அந்த மேட்டில் ஒரு காக்காய்கூட உட்காராது.

இருபது வருஷமாகக் குழியில் இறங்குகிறவன் நான். மொட்டை மரத்தையும் பருந்தையும் காட்டி என்னை மயக்கலாம் என்று நினைக்காதே.

இப்படிக்கு,
சின்னப்பா


ஜீவனஹள்ளி.
9-2-1958

அன்புள்ள மாமாவுக்கு,

குஞ்சு பொரித்துவிட்டது! வெள்ளைப் பஞ்சு உருண்டை மாதிரி தலை ஆடுவது கீழே இருந்தே தெரிகிறது. மரமும் பூத்துவிட்டது. ஓர் இலை கிடையாது, கிளை முழுக்கச் சிவப்புப் பூ. விடிந்தால் மைனாக்களின் சத்தத்தில் நம் பேச்சு நமக்கே கேட்பதில்லை.

வீட்டுக்காரி கேத்தரினம்மாவுக்குத்தான் கோபம். அவளுடைய கோழிக்குஞ்சு ஒன்றைப் பருந்து கொத்திக்கொண்டு போய்விட்டது. மறுநாளே கிளையை வெட்ட ஓர் ஆளைக் கூட்டி வந்துவிட்டாள். நான் போய் மரத்தடியில் நின்றுகொண்டேன்.

"குஞ்சு பறக்கிற வரைக்கும் கை வைக்காதீங்கம்மா."

"நல்லா இருக்குதே! மேல குடியிருக்கிறதுக்கு யாரு வாடகை குடுக்கிறது, நீயா?"

நான் நகரவில்லை. அந்த ஆள் பீடி குடித்து முடித்தான், இன்னொன்றையும் பற்றவைத்தான். நான் அப்போதும் நகரவில்லை. கடைசியில் என் பழைய புடவையைக் கிழித்துக் கோழிக்கூண்டுக்கு மேல் பந்தல் மாதிரி கட்டிக்கொடுத்தேன். "ஆய்த்து, ஆய்த்து! சரி, பறந்தப்புறம் வெட்டிக்கிறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

பெண் பருந்து கூட்டை விட்டு அதிகம் நகர்வதில்லை. ஆண்தான் அலைந்து இரை தேடுகிறது. ஆனால் எங்கே போனாலும் பொழுதுக்குள் கூட்டுக்கு வந்துவிடுகிறது. பார்த்ததைத்தான் எழுதுகிறேன், யாரையும் குத்திக் காட்டவில்லை.

உங்கள்,
காந்தா


மாரிக்குப்பம்.
20-2-1958

அன்பு காந்தாவுக்கு,

குஞ்சு ஒன்றா, இரண்டா? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே.

எனக்காகக் கேட்கவில்லை. கீழே சாப்பாட்டு நேரத்தில் விளக்கு வெளிச்சத்தில் உன் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு குழியில் இறங்கும் சிரில் பயல் பிடுங்கிச் சத்தமாகப் படித்துவிட்டான். அன்றிலிருந்து எங்கள் செட்டு ஆட்கள் யாரும் என்னை விடுவதில்லை. "அண்ணே, அண்ணிகிட்ட கேளு, கண்ணு தொறந்துச்சா?" என்கிறான் ஒருவன். "அந்தக் கோழிக்காரம்மா மறுபடி ஆளக் கூட்டியாந்துச்சா?" என்கிறான் இன்னொருவன். பாறைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு இவர்களுக்குப் பருந்துக் கவலை.

இருமல் இந்தப் பனியால் வந்ததுதான். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஏணி ஏறும்போது சிரில் பின்னால் தாங்கிக்கொள்கிறான், நல்ல பையன்.

இப்படிக்கு,
சின்னப்பா


ஜீவனஹள்ளி.
9-3-1958

அன்புள்ள மாமாவுக்கு,

குஞ்சுகள் இரண்டு. உங்கள் செட்டு ஆட்களிடம் சொல்லுங்கள்.

நேற்று மத்தியானம் வேலை முடிந்து வந்து உலை வைத்திருந்தேன். குளிர் விட்டு நாலைந்து நாளாக ஒரே புழுக்கம். திடீரென்று படாரென்று ஒரு சத்தம். வீடு அதிர்ந்தது, அலமாரியில் பாத்திரங்கள் கடகடவென்று ஆடின. அங்கே பூமிக்குள் பாறை வெடித்தால் இப்படித்தானே ஆடும்? போட்டது போட்டபடி கிடக்க, பெண்களெல்லாம் குழியின் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவோமே, யார் மேலே வருகிறார்கள், யார் வரவில்லை என்று பார்க்க. அப்படியே ஓடினேன், மாமா. செருப்பில்லை, கையில் கரண்டி. தெருக்கோடிவரை ஓடி, ஷாஃப்டைத் தேடினேன். அங்கே ஒரு சைக்கிள் கடைதான் இருந்தது. முகத்தில் மழைத்துளி விழுந்தது.

கேத்தரினம்மா குடையோடு பின்னாலேயே ஓடிவந்தாள். "எங்கம்மா ஓடுறே? இடிம்மா அது, மழை இடி!" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அவள் வீடுவரை குடை பிடித்துக்கொண்டு வந்தாள்.

இத்தனை தூரம் தள்ளி வந்தும் என் கால் உங்கள் குழியைத் தேடித்தான் ஓடுகிறது. இப்போது நீங்கள் சொன்னதை மீறுகிறேன். கம்பெனி டாக்டர் உங்கள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஏணியில் ஆள் தாங்குவது பனியால் அல்ல. இங்கே ஆடுகோடிப் பகுதியில் ஒரு பட்டறை வாசலில் உட்கார்ந்து சாமான்களைப் பார்த்து அனுப்பும் வேலை இருக்கிறது. பேசி வைத்திருக்கிறேன். எனக்கு நீங்கள் மூச்சோடு வேண்டும். அவ்வளவுதான்.

குஞ்சுகள் கூட்டின் ஓரத்தில் நின்று இறக்கையை அடித்துப் பார்க்கின்றன. அடுத்து என்ன செய்யும் என்று எழுதமாட்டேன். வந்து பாருங்கள். இதைக் கிழித்து அடுப்பில் போடுவதானால் போடுங்கள். இனி என்னிடமிருந்து கடிதம் வராது.

உங்கள்,
காந்தா


மாரிக்குப்பம்.
15-3-1958

அன்பு காந்தாவுக்கு,

உன் கடிதத்தைச் சிரில்தான் படித்தான். "குஞ்சுகள் இரண்டு" என்றதும் எல்லாரும் கைதட்டினார்கள். நீ ஓடிய இடத்தில் அவன் குரல் நின்றுவிட்டது. மடித்து என் கையில் கொடுத்துவிட்டான். அங்கே இருந்த ஒவ்வொருவனுக்கும் அப்படி ஓடிவருகிற ஒருத்தி இருக்கிறாள்.

நான் உன்னை மிரட்டியது மேஸ்திரி பெர்னார்டுக்கும் தெரியும், அவர்தான் கேட்டார். "என்ன சின்னப்பா, இதைக் கிழிச்சுப் போடப் போறியா?"

அன்றே மேலே வந்து, என் பேரை எடுத்துவிடும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆபீஸில் காரணம் கேட்டார்கள். நெஞ்சு என்று சொல்ல வாய் வரவில்லை. "பருந்து என் மப்ளரைக் கொண்டுபோய்விட்டது, வாங்கி வரப் போகிறேன்" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

புதன்கிழமை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, வீட்டு வழி எனக்குத் தெரியும். நீ மரத்தடியில் நில். நான் வரும்வரை கைதட்டி அந்தக் குஞ்சுகளைக் கிளப்பிவிடாதே. அவை முதலில் பறப்பதைப் பார்த்துச் சொல்லும்படி இங்கே இத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், பதில் எழுத வேண்டியவன் இப்போது நான்.

அதற்குள் மறுபடி இடி இடித்தாலும் இடிக்கும். ஓடாதே காந்தா. நான் மேலேதான் இருக்கிறேன்.

உன்,
சின்னப்பா