கோடைத் தொகுப்பும் என் தொண்டையும்

மே 19, திங்கள்

ஒரகடம் கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. எல்லா பஸ்ஸிலும் முணுமுணுப்பு. என் பஸ்ஸில் மட்டும் ஒருத்திகூடச் சலித்துக்கொள்ளவில்லை. காரணம் நான். இந்தச் சாலையில் ஓடுகிற கம்பெனி பஸ்களில் மைக் வைத்திருக்கும் ஒரே டிரைவர் கோபால்தான். இந்தியாவிலேயேகூட இருக்கலாம். போன் கம்பெனி லைனில் ஷிப்ட் முழுக்க நின்றுவிட்டு வல்லம் வடகால் ஹாஸ்டலுக்குத் திரும்பும் பிள்ளைகள், நான் பேசினால்தான் தூங்காமல் வருவார்கள்.

"கோடைத் தொகுப்பு எப்போ அங்கிள்?" என்று கேட்டார்கள். வருஷா வருஷம் கத்திரி முடியும் நாளில் மைக்கில் சொல்வேன். புது போன் பற்றி என்ன படிக்கலாம், எந்த ஊரில் என்ன கூத்து, டூர் எங்கே, உடுப்பு எது. எட்டாவதோடு நின்றவன் சொல்வதை டிப்ளமோ படித்தவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள்.

"இந்த வருஷம் ஸ்பெஷல்" என்றேன். 'ஸ்பெ' வந்தது. மீதி வெறும் காற்று.

பின் சீட்டிலிருந்து சுகப்பிரியா, ஆலங்குளத்துப் பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம்: "அண்ணாச்சி, மைக் ரிப்பேரா, நீங்க ரிப்பேரா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், சத்தமில்லாமல். பொங்கலிலிருந்தே இப்படித்தான்.

மே 21

சென்னை, பெரியாஸ்பத்திரி. பஸ்ஸுக்கு எஃப்.சி. சர்டிபிகேட் எடுக்கப் போகிறேன் என்று வீட்டுக்காரி மீனம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள், முனையில் கேமரா. என் குரல்வளை டி.வி.யில் தெரிந்தது. டாக்டரம்மா பார்த்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவர் படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஒன்பது பேர் நின்று பார்த்தார்கள். இந்த மாதிரித் தொண்டையை அவர்கள் சர்வீஸிலேயே பார்த்திருக்க மாட்டார்கள்! அந்தக் காலத்தில் என்னை ரேடியோவில் கூப்பிட்டது சும்மாவா? (கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும்.)

சதை கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மே 22

எதற்கு ஒன்பது பேர்?

மே 24, சனி

தொகுப்பு தயார்.

படிக்க: மடிக்கிற போனைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு முழுப் பக்கம். டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த காகிதத்தில் எனக்குக் கிடைத்தது பாதி. மறுபாதியை நானே யோசித்துவிட்டேன். எழுதினவனைவிட என் பாதி மேல்.

பார்க்க: திரௌபதி அம்மன் கோயில் கூத்து. பீமன் வேஷக்காரனுக்கு கதாயுதம் தூக்கிக் கொடுத்தவன் நான். மைக்கில் சொல்லும்போது பீமனே நான்தான்.

போக: ஏலகிரி. அடிவாரத்து டீக்கடை வரைக்கும் போயிருக்கிறேன். அது போதும், ஒவ்வொரு வளைவாக ஓட்டிக் காட்டிவிடுவேன்.

உடுத்த: சட்டையும் பேன்டும் ஒரே துணியில், தொளதொளவென்று. தைக்க வேண்டிய இடம்: மீனம்மாள், பாரிஸ் ரிட்டர்ன். (பாரிமுனை வரைக்கும் போயிருக்கிறாள்.)

குரல் காலையில் கொஞ்சம் வருகிறது, மதியம் போய்விடுகிறது. அதனால் சேமிக்கிறேன். வீட்டில் பேசுவதில்லை.

"இன்னாய்யா, வாய்க்கு லீவா?" என்றாள் மீனம்மாள்.

"ரேடியோல கூப்ட்டுக்கிறாங்க. ரெஸ்ட் குடுக்கணுமாம்."

"கூப்புடுவாங்க, கூப்புடுவாங்க" என்று தையல் மெஷினை மிதித்தாள்.

மே 27

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "கேன்சர். குரல்வளைய முழுசா எடுக்கணும். கழுத்துல ஓட்டை வெச்சு அது வழியா மூச்சு விடுவீங்க. எடுத்தா பொழைக்கலாம்."

"பேச்சு?"

"இப்ப பேசற மாதிரி வராது."

"எடுக்கலன்னா?"

அதற்கு அவர் பேப்பரைப் பார்த்தார். திங்கட்கிழமை அட்மிட் ஆகணும், வீட்டில் யாரையாவது கூட்டி வரணும் என்றார்.

திரும்பும்போது நின்றுகொண்டே வந்தேன், சீட் இருந்தும்.

என்கிட்ட இன்னா கீது? நிலம் கம்பெனி எஸ்டேட்டுக்குப் பூட்ச்சு. படிப்பு இல்ல. புள்ள குட்டி இல்ல. வாய் ஒண்ணுதான். அதையும் புடுங்கிகினா நான் யாரு? வண்டி ஓட்டறவன் ஆயிரம் பேரு. — வேணாம். போகப்போறதில்ல. பேசிகினே சாவறேன். மீனம்மாளுக்கு ஏன் சொல்லணும்? சொல்ல மாட்டேன்.

மே 28

கத்திரி முடிந்தது. தொகுப்பு நாள்.

போன் பகுதி நன்றாக வந்தது. கைதட்டினார்கள். கூத்தில் குரல் உடைந்தது, பீமனுக்கு அதுவே பொருத்தமாகிவிட்டது. கூட்டுரோட்டு நெரிசலில் நிற்கும்போது ஏலகிரி ஏற ஆரம்பித்தேன். பாதி மலையில் குரல் நின்றது.

வால்யூமைத் திருகினேன். ஸ்பீக்கரில் என் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது, பஞ்சரான டயர் மாதிரி. நடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். ஒருத்தியும் தூங்கவில்லை. எல்லோரும் என் முதுகையே பார்க்கிறார்கள்.

சுகப்பிரியா எழுந்து முன்னால் வந்தாள். கிண்டல் இல்லை. "என்ன செய்யுது அண்ணாச்சி? எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான்…"

சித்தப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கையால் கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சிக்னல் விழுந்திட்டு, எடுங்க" என்றாள்.

மே 31

நாசமாப்போச்சு. டாப்ஸைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கிற சாக்கில் சுகப்பிரியா வீட்டுக்கு வந்து, பஸ்ஸில் நடந்ததையெல்லாம் மீனம்மாளிடம் சொல்லிவிட்டாள். அவள் போனதும் மீனம்மாள் கழுத்தில் டேப்போடு என் முன்னால் வந்து நின்றாள்.

"தொண்டையில இன்னா?"

"ரேடியோ—"

"ரேடியோவ வுடு."

இதற்கு மேல் ஜோடிக்க முடியவில்லை. சொன்னேன். வேண்டாமென்று இருக்கிறேன் என்றும் சொன்னேன். "கொரல எடுத்துட்டா அப்பால நான் உன்கூட எப்டி மீனா பேசறது?"

"இத்தினி வருசமா நீ பேசனத நான் கேட்டுகினா இருந்தேன்? மெஷின் சத்தத்துல ஒரு எழவும் காதுல வுழாது. ஆளு உள்ள கீறான்னு தெரியும், அவ்ளோதான். எனக்கு அது போதும்யா. அட்மிட் என்னிக்கி?"

எனக்கு அப்படிக் கோபம் வந்தது. அப்படியென்றால் இத்தனை வருஷம் யாரிடம் பேசினேன், சுவரிடமா? சாப்பிட மாட்டேன் என்று படுத்தேன். அவள் கூப்பிடவில்லை. மெஷின் ஓடவில்லை. எட்டிப் பார்த்தேன், அப்படியே உட்கார்ந்திருந்தாள், ஊசிக்குக் கீழே துணிகூட இல்லை.

எழுந்து போய்ச் சாப்பிட்டேன். திங்கள் என்றேன்.

ஜூன் 5

ஆபரேஷன் நாள் (பிறகு எழுதியது). குரலில் இன்னும் ஒரு சொட்டு மிச்சம் இருந்தது. ஊர் பேசுகிற மாதிரி கடைசி வசனம் ஒன்று யோசித்து வைத்திருந்தேன், மிகப் பிரமாதமானது. ஸ்ட்ரெச்சரில் தள்ளும்போது வாயில் வந்தது: "மீனா, நீ எதுனா சாப்டியா?"

ஜூன் 14

இருமினால் சளி கழுத்து வழியாக வருகிறது. வாயைத் திறந்தேன். ஒன்றுமில்லை. தட்டை எறிந்தேன், அது மட்டும் சத்தம் போட்டது. அழுதாலும் சத்தமில்லை. இதைப் போய் நல்லதுக்கு என்கிறார்கள்.

ஜூன் 15

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 21, சனி

பார்வையாளர் நேரத்தில் சுகப்பிரியா இன்னும் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். புது டிரைவர் சாம்சனாம். "வாயே தொறக்க மாட்டேங்காரு அண்ணாச்சி. பஸ்ஸு அமரர் ஊர்தி மாதிரி போவுது" என்றாள். பிறகு, நாளைக்கு ஏற்காடு போகிறோம், என்ன பார்க்கலாம் என்று கேட்டாள்.

சிலேட்டில் எழுதினேன்: லேடீஸ் சீட் பாறை. குளிரும், சொட்டர் எடு. என்னிடம் இருந்தது அவ்வளவுதான். சாக்பீஸில் எப்படி அளப்பது?

மீனம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவர்கள் தலையாட்டினார்கள். மீனம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். சிலேட்டைக் கட்டில்மேல் கவிழ்த்து வைத்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் போனப்ப, அந்த லேடீஸ் சீட்டாண்ட ஒரு கரடி வந்துச்சும்மா" என்றாள். "எல்லாரும் ஓடிட்டாங்க. இவரு ஓடல. நின்னு பேச ஆரம்பிச்சாரு பாரு, அது உக்காந்து கேட்டுகினு இருந்துச்சு."

"ஆத்தி! பொறவு?"

"அப்பால இன்னா? எம்மா நேரம் கேக்கும் பாவம். அதுக்கும் தூக்கம் வந்துச்சு, பூட்டுச்சு."

கரடியை நான் எழுதவில்லை. நாங்கள் ஏற்காடு போனதே இல்லை. பொய் சொன்னதால் மீனம்மாளின் காது சிவந்திருந்தது.

என் நெஞ்சு குலுங்கியது. கழுத்து ஓட்டை வழியாகக் காற்று புஸ் புஸ்ஸென்று வந்தது. மூச்சு அடைத்துவிட்டது என்று நினைத்து நர்ஸ் ஓடி வந்தார்.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றாள் மீனம்மாள். "சிரிக்கறாரு."