அமாவாசைக்கு மறுநாள், மூன்று மணி

அன்றைக்குக் கம்பெனி அறையில் இருந்தவர்களை இன்றும் வரிசையாகச் சொல்வேன். தலைவர் ஏழுமலை. பொன்னேரியிலிருந்து வந்த மீன்துறை அதிகாரியம்மா. செயலாளராக இருந்த என் தம்பி தேசப்பன். நீ. உன் பின்னால் நான். உன் கையில் தண்ணீர் சொட்டும் ஓலைக்கூடை, நம் பறி, அதற்குள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்த இறால்.

இன்று காலை மருமகள் அந்தப் பறியைக் கழுவி வெயிலில் வைத்தாள், அக்கா. சேற்று வாடை எழுந்தது. ஓலை விளிம்பில் உன் பல் பதிந்த இடம் அப்படியே இருக்கிறது. இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டு இறால் தடவுகிறவள் பறியைப் பல்லால்தானே கடித்துக்கொள்ள வேண்டும்.

ஊர் சேர்ந்து மீன் கம்பெனி தொடங்கியபோது, இயக்குநர்களில் ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். உன்னைப் போட்டார்கள். கூட்டம் வைத்ததெல்லாம் கடலோடு சேர்ந்து ஏரி நீரும் வற்றும் நேரத்தில். நாம் ஏரிக்குள் இருப்போம். சாயங்காலம் தேசப்பன் நோட்டோடு உன் வாசலுக்கு வருவான். "யக்கா, இங்க ஒரு கையெழுத்து போடு." எழுதாத பக்கத்தில் போட்டுக் கொடுப்பாய். என் தம்பி என்று நம்பினாய்.

ஒருநாள் நாம் இறால் தடவும் சேற்றில் மூங்கில் கம்பு நட ஆட்கள் வந்தார்கள். நண்டு வளர்க்க அந்த இடத்தை வெளியாளுக்குக் கம்பெனி கொடுத்துவிட்டதாம். அந்தச் சேறு போனால் நமக்குப் பிழைப்பு ஏது? நீ யாரிடமும் கத்தவில்லை. பஸ் ஏறிப் பொன்னேரிக்குப் போய் அதிகாரியம்மாவை வரவைத்தாய். அவர் வந்த அன்று ஏரியிலிருந்து நேரே வந்தாய்.

"இன்னாமா, பறியோட வந்துகிற. ரூமே நாறுது," என்றார் தலைவர்.

"இத வித்துத்தான தலைவரே ஃபேன் மாட்னீங்க."

அதிகாரியம்மா நோட்டைப் படித்தார். மதியம் மூன்று மணிக் கூட்டம்; சேற்றைக் கொடுக்கப் பெண் இயக்குநரும் நேரில் வந்து சம்மதம் சொன்னார்; கீழே உன் கையெழுத்து.

"தேதி இன்னாமா போட்டுக்குது?" என்று கேட்டாய். அவர் சொன்னார். நீ சுவரில் இருந்த காலண்டரைக்கூடப் பார்க்கவில்லை.

"அது அமாவாசைக்கு மறுநாளு. மூணு மணிக்குத் தண்ணி முட்டிக்குக் கீழ நிக்கும். ஊர்ப் பொம்பளைங்க அத்தினி பேரும் சேத்துல இருந்தோம். பறியைக் கடிச்சிக்கினு இருந்தவ எந்த வாயால சம்மதம் சொன்னேன்?"

"வேலையில இருப்பீங்க, எதுக்குத் தொந்தரவுன்னு..." என்று இழுத்தார் தலைவர்.

"தொந்தரவு குடுங்க," என்றாய்.

அதிகாரியம்மா அந்தத் தீர்மானத்தின் குறுக்கே கோடு போட்டார். இனி நீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்தே கூட்டம் என்று எழுதவைத்தார். மறுநாள் மூங்கிலைப் பிடுங்கினார்கள்.

நீ போய் இரண்டு மார்கழி ஆகிவிட்டது. உன் நாற்காலியில் இப்போது என் மருமகள். இன்றைய கூட்டத்தில் சேற்றுப் பேச்சை மறுபடி எடுத்தார்களாம். முடியாது என்றாளாம். "உன் புருசன் இன்னா சொல்றான்?" என்று கேட்டிருக்கிறார்கள். "அவரு டைரக்டர் இல்லீங்களே," என்றாளாம். பேச்சு அதோடு முடிந்தது. சேறு நம்முடையதாகவே இருக்கிறது. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நீ நிம்மதியாக இரு.

ஏழுமலை மேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டேன். அவர் வீட்டுப் பெண்கள் யாரும் ஏரியில் இறங்கியதில்லை. அவருக்கு நீர் நேரம் என்ன தெரியும்? ஆனால் இன்னொருவன், பசியோடு கரையில் உட்கார்ந்து, இன்றைக்கு அம்மா எத்தனை மணிக்குக் கரையேறுவாள் என்று விரல் விட்டுச் சொன்ன பிள்ளை. அம்மாவின் பறிதான் அவனை வளர்த்தது. அவனுக்குத் தெரியும், அக்கா. தெரிந்துதான் கூட்டத்துக்கு அந்த நேரத்தை வைத்தான். பொங்கலுக்கு வருகிறான், சோறு போடுகிறேன். மன்னிக்க மட்டும் மாட்டேன், என் தம்பி தேசப்பனை.