கடைசிப் பாரம்

அக்கா,

இன்று காலை ஓட்டுச்சாவடியில் முதல்முறையாக என் விரலில் மை வைத்தார்கள். நகத்தோரம் அது கறுத்து இறங்கியதும் நம் பைண்டிங் கம்பெனிதான் நினைவுக்கு வந்தது. ஈரம் காயாத அச்சுத்தாளை மடித்து மடித்து நம் விரல்கள் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருத்தங்கலுக்கு வேலைக்கு வந்தவள் நான். உங்களுக்கு எதிரே உட்கார்ந்தும் வெகுநாள் வாய் திறக்கவில்லை. "ஏ புள்ள, வாயில என்ன, பசையா ஒட்டிக் கெடக்கு?" என்பீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் தாளுக்குள் குனிந்து சிரிப்பேன்.

காலண்டர் சீசன் முடிந்ததும் அந்த நாவல் வந்தது. பெண்களுக்கு ஓட்டு இல்லாத காலத்துக் கதை. ஓட்டுரிமை கேட்டு மதராஸில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறாள் ஓர் இளம் விதவை. அவளுடைய நோட்டீசுகளை அச்சடித்துக் கொடுப்பவனுக்கு அவள்மேல் ஆசை; கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டிருக்கிறான். பதினாறு பக்கம் அச்சான தாளைப் பாரம் என்போம். ஒருத்திக்கு ஒரு பாரம்தான். நாள் முழுக்க அதே பக்கங்கள். அதனால் மத்தியானம் தூக்குவாளியைத் திறந்ததும் அவரவர் பாரத்துக் கதையைச் சொல்லி ஒட்டவைப்போம்.

நீங்களும் புருஷனை இழந்தவர். கட்டிங் மிஷின் ஓட்டும் அண்ணன் உங்களைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தது மேஜைக்கே தெரியும். "கதையில அவ என்ன பதில் சொல்றாளோ அதுதாம்லே எம் பதிலும்" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் உங்கள் கை மடிப்பதை நிறுத்தியிருந்தது.

கடைசிப் பாரம் என் முன்னால் வந்து விழுந்தது.

"போச்சு, இந்த ஊமச்சிகிட்டயா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அவ சொல்லுவா." மத்தியானம் வரை உங்களுக்குப் பொறுக்கவில்லை. "சத்தமாச் சொல்லு புள்ள. மிஷின் வரைக்கும் கேக்கணும்."

தலைகீழாகக் கிடந்த பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் படித்துச் சொன்னேன். ஓட்டு வந்துவிடுகிறது, சொத்துள்ளவர்களுக்கு மட்டும். அவள் பேரில் வீடு இருக்கிறது, அவனுக்கு ஒன்றுமில்லை. அவள் ஓட்டுப் போட உள்ளே போகிறாள். அவன் அவளுடைய குடையை வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறான்.

"வெளிய வந்து என்ன பதில் சொன்னா?"

"பதிலே சொல்லலக்கா. அவதான் கேக்கா, என்னக் கட்டிக்கிடுறீகளான்னு."

கட்டிங் மிஷின் நின்றது. நீங்கள் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அங்கே நடந்தீர்கள். என்ன கேட்டீர்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அண்ணன் தலையில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கை நீங்கள் தட்டிவிட்டது மட்டும் தெரிந்தது.

இரண்டு தீபாவளிதான் சேர்ந்து கொண்டாடினீர்கள். பிறகு ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இன்று ஆண்கள் வரிசையின் கடைசியில், வாசலுக்கு வெளியே அண்ணன் நின்றார். "ஒங்கக்கா இருந்தா அம்புட்டுப் பேரையும் தள்ளிட்டு முன்னால போய் நின்னுருப்பா" என்றார்.

உள்ளே அதிகாரி என் பேரைக் கேட்டார்.

சத்தமாகச் சொன்னேன் அக்கா. வெளியே நின்ற அண்ணன் திரும்பிப் பார்த்தார்.