படத்தில் இருந்தவளும் கப்பலில் வந்தவளும்

ஆம்பூர்,
1934 ஆகஸ்டு மாதம்.

நேட்டால் தேசத்தில் டர்பன் பட்டணத்தில் இருக்கும் மகன் நிசார் அஹமதுக்கு, தாய் ஜஹீருன்னிசா சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்லாமல் தொடங்கக் கூடாது என்பதால் சொன்னேன். இங்கே அல்லாஹ்வின் கிருபையில் உன் அத்தா, நான், உன் தங்கை தில்ஷாத், உன் மனைவி பில்கிஸ் நான்கு பேரும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை, உன் கடிதத்தின் நீளமே சொல்கிறது, கஷ்டத்தில் இருப்பவனுக்கு ஆறு பக்கம் கோபித்துக்கொள்ள நேரம் ஏது. மேலே உன் மனைவி என்று நான் சொன்னபோது இதை எழுதுகிறவள் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். எழுது, நான் சொல்வதை எழுது என்றேன். எழுதுகிறவள் யார் என்று கையெழுத்தைப் பார்த்தால் தெரியும். பக்கத்து வீட்டு ரத்தினசாமி மேஸ்திரியின் மகள் ஆரோக்கியமேரி. துறைமுகத்து ஆபீசில் உன் முன்னால் நீட்டிய படத்தில் இருந்தவளும் அவளேதான், அதனால் இந்தக் கடிதத்தில் உள்ளது எதையும் அவளுக்குத் தெரியாமல் மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நீ எழுதியிருப்பதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நீங்கள் செய்த காரியத்தால் என் மானம் போயிற்று, முதலாளி வீட்டில் தலைகாட்ட முடியவில்லை, விஷயம் ஆறும் வரை அவள் அங்கேயே இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறாய். கடைசியில் எலுமிச்சை ஊறுகாய் கேட்டிருக்கிறாய். நாங்கள் செய்த காரியம் தப்புதான், அதை நான் சர்ட்டிபிகேட் கொடுத்த வேலூர் ஆபீசிலேயே போய் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பது உனக்கு மறந்து போயிருக்கிறது, ஞாபகப்படுத்துகிறேன். புருஷனிடம் போகும் பெண்ணுக்கு சர்க்காரில் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும், அதில் அவள் படத்தை ஒட்டி, பெருவிரல் ரேகை வைத்து, இவள் இன்னாருடைய மனைவிதான் என்று ஆபீசர் முத்திரை போட வேண்டும் என்று எழுதியவன் நீ. அதே கடிதத்தில், என் மனைவி முகத்தை எந்தப் போட்டோக்காரனும் பார்க்கக் கூடாது, முதலாளி வீட்டுப் பெண்கள் எல்லாம் கோஷா, நான் இப்போது கடையில் பங்குதாரன் என்று எழுதியவனும் நீதான். நம் வீட்டில் எப்போதடா கோஷா இருந்தது. துப்பட்டியைத் தலையில் போட்டுக்கொண்டு தோல் பதனிடும் டேனரிக்கு உன் அத்தாவுக்குச் சோறு தூக்கிக்கொண்டு போனவள் நான். அந்தச் சோற்றில் வளர்ந்தவன் நீ. பில்கிஸ் அப்போதே சொன்னாள், "அது வெறும் போட்டோப் பொட்டி மாமி, நான் போய் உக்காந்துட்டு வர்றேன், அவர்கிட்ட சொல்ல வாணாம்" என்று. நான்தான் மகன் பேச்சைத் தட்டக் கூடாது என்று நின்றேன்.

படம் இல்லாமல் சர்ட்டிபிகேட் இல்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அப்போது உன் அத்தா ஒரு யோசனை சொன்னார். லண்டனுக்குப் போகும் பேல் கட்டில் எல்லாத் தோலையுமா பிரித்துக் காட்டுகிறோம், மேலே ஒரு நல்ல மாதிரித் தோலை வைத்துக் கட்டுகிறோம், அதைப் பார்த்து அவன் முழுப் பேலையும் எடுத்துக்கொள்கிறான், வெள்ளைக்காரனுக்கு இதுவும் அப்படித்தான் இருக்கும், பெண் என்று ஒரு படம் இருந்தால் போதும் என்றார். முப்பது வருஷம் தோல் தரம் பிரித்த மனிதனுக்கு வேறு எப்படித் தோன்றும். கிறிஸ்தவப் பெண், படத்துக்கு உட்காருவதில் அவள் வீட்டில் ஆட்சேபம் இல்லை, வயதும் பில்கிஸ் வயது என்று ஆரோக்கியமேரியைக் கேட்டோம். தில்ஷாத் அவளுக்கு பில்கிஸின் நிக்காஹ் புடவையைக் கட்டிவிட்டாள், பில்கிஸே தன் மூக்குத்தியைக் கழற்றிப் போட்டுவிட்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வேலூர் இருதயராஜ் ஸ்டூடியோவில் படம் எடுத்தோம். ஆபீசில் பில்கிஸ் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு போய்த் தன் விரல் ரேகையை வைத்தாள், பெண்பிள்ளை என்று மரியாதைக்கு அங்கே யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகம் ஒருத்தியுடையது, விரல் இன்னொருத்தியுடையது, முத்திரை சர்க்காருடையது. அப்படித்தான் அவளைப் பேரணாம்பட்டுக் குடும்பம் ஒன்றோடு கப்பல் ஏற்றினோம்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ உன் கடிதத்தில் இரண்டு வரியில் முடித்திருக்கிறாய், அதிகாரிகளிடம் அப்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது என்று. பில்கிஸ் என்னிடம் ஒரே ஒரு தரம் சொன்னாள், அதன் பிறகு நான் கேட்கவில்லை. படமும் முகமும் பொருந்தாததால் அவளைக் கப்பலிலிருந்து இறக்கித் துறைமுகத்துக் கொட்டடியில் வைத்தார்கள். மறுநாள் உன்னை வரவழைத்தார்கள். ரேகை பொருந்துகிறது, முகம்தான் பொருந்தவில்லை, நீ புருஷன், இவள்தான் உன் மனைவி என்று சத்தியம் செய்து எழுதிக்கொடு, மற்றதைப் பிறகு விசாரித்துக்கொள்கிறேன், இப்போதைக்கு ஊருக்குள் விடுகிறேன் என்று அந்த அதிகாரி சொன்னான். அதைத் துபாஷி தமிழில் சொன்னதை அவளும் கேட்டாள். அந்நிய மனிதன், நம் பாஷை தெரியாதவன், அவன் உனக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். நீ படத்தைப் பார்த்தாய். ஆரோக்கியமேரியை உனக்குத் தெரியாதா. அவள் வீட்டுக் கிணற்றில் விழுந்து எழுந்தவன்தானே நீ. நடந்தது என்ன என்று அந்த நிமிஷமே உனக்குப் புரிந்திருக்கும். அப்போது பில்கிஸ் யாரும் சொல்லாமலே முகத்தைத் திறந்தாள். அத்தனை ஆண்கள் இருந்த ஆபீசில், எதை யாரும் பார்க்கக் கூடாது என்று நீ உத்தரவு போட்டாயோ அந்த முகத்தைத் திறந்து உன்னைப் பார்த்தாள். நீ குனிந்து உன் பூட்ஸைப் பார்த்தாய். "கொஞ்ச நாள்தாங்க கூட இருந்தது, மொகம் சரியா நெனவு இல்ல, தெரியாம எப்டி சத்தியம் பண்றது" என்றாய். பொய்ப் பத்திரம் வந்ததில் உனக்கும் பங்கு என்று உன் குடியிருப்புச் சீட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம், அவ்வளவுதான். கொஞ்ச நாள் என்றாயே, ரம்ஜானுக்கு முன்னால் நிக்காஹுக்கு வந்து பக்ரீத்துக்குப் பிறகு கப்பல் ஏறினாய், அத்தனை நாளும் அவள் கையால்தான் சாப்பிட்டாய். என் மகன் ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்தே அது எந்த ஊர்ச் சந்தை ஆடு என்று சொல்லிவிடுவான் என்று உன் அத்தா டேனரி முழுக்கப் பெருமை பேசுவார். இப்போது அதைப் பேசுவதில்லை.

அதே கப்பல் திரும்பும்போது அவளை அதில் ஏற்றி அனுப்பினார்கள். மதராசில் இறங்கித் தன்னந்தனியாக ரயிலேறி, பட்டப்பகலில் ஆம்பூர் ஸ்டேஷனிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். உனக்கென்று நான் கொடுத்தனுப்பிய ஊறுகாய் ஜாடியும் மூடி பிரிக்காமல் வந்தது. அதை தில்ஷாத் திறந்து தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டாள். நீ கேட்டாய் என்று இன்னொரு ஜாடி போட மாட்டேன். ஊர் வாய் சும்மா இருக்குமா. புருஷனே தெரியாது என்றவளை இவர்கள் எந்த முறையில் வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று அக்தரி பேகம் குழாயடியில் நின்று கேட்டாள். என் மருமகள் என்ற முறையில், இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா என்று நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன், போய்விட்டாள். பில்கிஸின் அண்ணன் லியாகத் அலி வாணியம்பாடியிலிருந்து வந்து, "எந்தங்கச்சி இன்னா அனாதையா, இப்பவே தலாக்கு பேசி முடிங்க" என்று வாசலில் நின்று கத்தினான். உன் அத்தா அவன் முன்னால் தலை குனிந்து நின்றார். தோல் ஊறும் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வெடித்த கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அதை நான் பார்த்தேன், அதற்காக உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. இதோ எழுதிக்கொண்டிருக்கிறாளே, இவளுக்கு நிச்சயம் செய்திருந்த காட்பாடி வீட்டாரும் வந்தார்கள். துலுக்கப் பையன் மனைவி என்று சர்க்கார் முத்திரையோடு இவள் படம் கடல் தாண்டிப் போயிருக்கிறதாமே என்று கேட்டுக் கல்யாணத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். இந்த வரியை வேண்டாம் என்கிறாள், நான் விடவில்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வாய்ச்சொல் சொல்லாததால் நீ இரண்டு பெண்களின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டாய்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள், வேலூரில் வக்கீல் துரைசாமியிடம் நானும் பில்கிஸும் போய் உட்கார்ந்து கேட்டு வந்தது இது. முதலில் அந்தத் துறைமுகத்து அதிகாரிக்கு உண்மையை எழுது. படம் மாறியது என் உத்தரவால், முகம் தெரிந்தும் பயந்து தெரியாது என்றேன் என்று உன் கைப்பட எழுது. அந்த வரி இல்லாமல் மற்ற எந்தப் பத்திரமும் செல்லாது, பொய்க்குமேல் பொய் வைத்தால் ஆயுசுக்கும் அவளை இறங்கவிட மாட்டார்கள் என்கிறார் வக்கீல். பிறகு நீயே புறப்பட்டு வா. கிளம்பும் முன் திரும்பி நுழைவதற்கான சீட்டை வாங்கிக்கொள், மூன்று வருஷத்துக்குள் திரும்பினால் உன் குடியிருப்பு உரிமை போகாதாம், ஆகையால் வந்தால் எல்லாம் போய்விடும் என்ற கதையை என்னிடம் சொல்லாதே. இங்கே காஜியிடம் நிக்காஹ் பதிவின் நகல் எடுத்து வைத்திருக்கிறோம், சாட்சிக்கு ஜமாஅத்தில் இரண்டு பெரியவர்கள் வருகிறேன் என்றிருக்கிறார்கள். நீங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே படமாக எடுத்து ஒட்ட வேண்டும். நிக்காஹ் எந்த வீட்டில், வலீமா விருந்து எப்போது, யார் யார் வந்தார்கள் என்று தனித்தனியாகக் கேட்பார்களாம், அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, உன் ஞாபகத்தைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். முதலாளிக்கு எரிச்சல் வரும், பங்கு போகும் என்றால் போகட்டும், சோற்றுக்கு இங்கேயும் டேனரி இருக்கிறது, வேலை கம்மிதான் ஆனாலும் இருக்கிறது.

பில்கிஸ் என்ன சொல்கிறாள் என்று நீ கேட்கவே இல்லை, ஆறு பக்கத்தில் ஒரு இடத்திலும் கேட்கவில்லை. அவள் சொன்னதைச் சொல்கிறேன். "அங்க எத்தினி பேர் முன்னால தெரியாதுன்னாரோ, இங்க அத்தினி பேர் முன்னால தெரியும்னு சொல்லட்டும் மாமி, அப்பறம் கப்பல் ஏறலாமா வாணாமான்னு நான் சொல்றேன்" என்கிறாள். வரும் ரம்ஜான் பெருநாள் வரை பார்ப்பாள். அதற்குள் நீ வரவில்லை என்றால் நிக்காஹை முறித்துக்கொள்ளக் காஜியிடம் குலா கேட்பாள், கேட்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காகப் பேசப்போவது லியாகத் அலி இல்லை, நான். பெற்றவளே மகனுக்கு எதிராகப் பேசினாள் என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஜுரத்தில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய கால்தான் இது, உன்மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆசை இருப்பதால்தான் இவ்வளவு வயிற்றெரிச்சல்.

போன வாரம் பில்கிஸையும் அழைத்துக்கொண்டு அதே இருதயராஜ் ஸ்டூடியோவுக்குப் போனேன். "போன தபா வேற அம்மா இல்ல வந்தாங்க" என்றான் அவன். ஆமாம், அது மேலே வைத்துக் கட்டிய மாதிரி, இதுதான் சரக்கு என்றேன். துப்பட்டியைத் தோளில் தள்ளிவிட்டு நேராகப் பார்த்து உட்கார்ந்தாள். படம் நன்றாக வந்திருக்கிறது, கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "வைங்க, பாக்கறவங்க பாக்கட்டும்" என்றாள். இப்போது வேலூர் லாங் பஜாரில் கைவண்டி தள்ளிக்கொண்டு போகிறவனுக்கும் உன் மனைவியின் முகம் தெரியும். உனக்கும் ஒரு படம் இதனுள் வைத்திருக்கிறேன். முதலாளி வீட்டில் காட்டு, காட்டாமல் போ, ஆனால் இனி தெரியாது என்று மட்டும் சொல்லாதே.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசையும், அதைக் காட்டிலும் அதிகமாகக் கொஞ்சம் துணிச்சலையும் கொடுக்கட்டும். அதிகாரிக்கு எழுத வேண்டியதை மறக்காதே, அதை முதலில் எழுது, எனக்குப் பதில் அப்புறம் எழுதலாம்.

இப்படிக்கு, உன்னைப் பெற்ற ஜஹீருன்னிசா. எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும், அதனால் கீழே என் இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்திருக்கிறேன். இதுவும் சரியாக நினைவில்லை என்றால் அந்தத் துறைமுகத்து அதிகாரியிடம் கொண்டுபோய்க் கேள், இவள் உன் தாய்தான் என்று அவன் சொல்லுவான்.