இவருடைய அமெரிக்கக் கழுகு

12 ஏப்ரல் 2008, சனி

சாயங்காலம் கோழிக்குஞ்சுகளுக்கு இவரைக் காவல் வைத்துவிட்டு, மிளகாய் அரைக்க மில்லுக்குப் போனேன். திரும்பி வந்தால் தாய்க்கோழி கதறுகிறது. ஒரு குஞ்சைப் பருந்து தூக்கிவிட்டது. இவரோ உள்ளே கம்ப்யூட்டர் முன்னால். அமெரிக்காவில் மரத்து உச்சியில் கேமராவைக் கட்டி, வெள்ளைத்தலைக் கழுகு குஞ்சு வளர்ப்பதை அப்படியே காட்டுகிறார்கள். பிராட்பேண்ட் வந்ததிலிருந்து இவருக்கு இதே வேலைதான்.

"செத்த நேரம்தான் அமலி. கழுகு மீனோட வந்துச்சு, எந்திரிக்க மனசு வரல" என்றார்.

ராத்திரி வெஞ்சனம் இல்லாமல் வெறும் ரசச்சோறு போட்டேன். ஆத்திரம் அடங்கவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். பெரிய குஞ்சு மொத்த மீனையும் தின்றுவிட்டது. சின்னது கொத்து வாங்கிக்கொண்டு பசியோடு ஓரத்தில் கிடந்தது. அப்பன் கழுகு பக்கத்துக் கிளையில் சாவகாசமாக இறகு கோதிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்ததே கோபம்! "ஏலே, பிள்ளை பட்டினி கெடக்குல்ல? போயி எதையாச்சும் தூக்கிட்டு வாயேன்!" என்று கத்திவிட்டேன்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். எழுந்துபோய், கோழிகளை மூடியிருந்த பஞ்சாரத்தின் மேல் இன்னொரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வந்தார்.